உரிமம் கிடைத்துவிட்டது, மகளை நான்கு வழிச்சாலைக்கு எப்படித் தயார்படுத்துவது?

மலைக்கோட்டை கேட்கிறார்:

வணக்கம். திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு வயது 23. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து, ஊரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியில் காலை ஆறு மணி வகுப்பில் கற்றுக்கொண்டு, போன மாதம் தேர்வும் முடித்து ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். தை பிறந்ததும் மதுரையில், மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குச் சேருகிறாள். வார நாட்களில் விடுதியில் தங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை காரில் வீட்டுக்கு வந்து, திங்கள் விடியற்காலை திரும்பிப் போக வேண்டும் என்பது அவள் எண்ணம்.

வீட்டில் இருப்பது சிறிய பெட்ரோல் கார். கியர் வண்டி. ஏ.பி.எஸ். (அழுத்தி பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி), முன்னால் இரண்டு காற்றுப்பை உண்டு. வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. பயிற்சி வகுப்பில் அவள் ஓட்டியதெல்லாம் ஆள் நடமாட்டம் தொடங்காத காலைப் பொழுதில், மூன்றாவது கியருக்குள். இரவில் ஓட்டியதில்லை, மழையில் ஓட்டியதில்லை, லாரிக்குப் பக்கத்தில் ஓட்டியதில்லை. பயிற்சியாளரின் கால் எப்போதும் அவர் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது என்று அவளே சொல்கிறாள்.

பஸ் இருக்கும்போது கார் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. பல வருடங்களாக நான் கார் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்கார என்னால் முடியும். ஆனால் ஓட்டத் தெரிவது வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு. எதை முதலில் பழக்குவது, எதைப் பிறகு பழக்குவது, வாயை எப்போது திறப்பது? இரண்டரை மாதம் கையில் இருக்கிறது. "ஓட்ட ஓட்டத் தானே வந்துவிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த "ஓட்ட ஓட்ட" நடக்கப் போவது திண்டுக்கல்–மதுரை சாலையில் என்பதால்தான் கேட்கிறேன்.

பதினாறு சக்கரம்:

அண்ணன், அந்தச் சாலையில் அடிக்கடி பாரம் ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். லாரிக்காரன் பக்கத்திலிருந்து சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எங்கள் கேபினுக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும், இடது பக்கம் முழுவதும், வாலுக்குப் பின்னாலும் எங்களுக்குத் தெரியாது. தங்கை எங்களை ஒட்டி வரும்போது என் பக்கக் கண்ணாடியில் என் முகம் அவள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அவள் வண்டியும் எனக்குத் தெரியவில்லை. முந்துவதாக இருந்தால் தயங்காமல் முந்திவிட வேண்டும். எங்கள் பக்கவாட்டிலேயே மிதந்துகொண்டு வரக்கூடாது. முந்தியதும் எங்கள் முகத்துக்கு முன்னால் வளைந்து வந்து பிரேக் போடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. நாற்பது டன்னுக்கு மேல் சுமையோடு வருகிற வண்டி கார் நிற்கிற இடத்தில் நிற்காது. முந்திய லாரியின் இரண்டு முகப்பு விளக்கும் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு இடது பக்கம் வரட்டும்.

இன்னொன்று. எங்களில் சிலர் வலது இண்டிகேட்டர் போட்டால் "முந்தாதே" என்று அர்த்தம், சிலர் போட்டால் "நான் வலது பக்கம் திரும்புகிறேன்" என்று அர்த்தம். இடது இண்டிகேட்டர் போட்டு "போய்க்கொள்" என்பவர்களும் இருக்கிறார்கள். எந்த லாரி சொல்வதையும் நம்பி முந்த வேண்டாம். முன்னால் சாலை காலியாக இருப்பதை அவள் கண்ணால் பார்த்தால் மட்டும் முந்தட்டும்.

இரவில் இடது ஓரத்தில் விளக்கே இல்லாமல் பழுதாகி நிற்கும் லாரிகள் உண்டு. பின்னால் ஒரு கல்லையோ மரக்கிளையையோ வைத்துவிட்டு, ஆள் மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். இடது தடம் பாதுகாப்பானது என்று நினைத்து இருட்டில் அதிலேயே கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடாது.

கூடல்நகர் பயிற்சி:

சார், மதுரையில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள். உரிமத்தை பீரோவில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் ஸ்டீயரிங்கைத் தொடாதவர்கள், அல்லது உங்கள் மகளைப் போல வாங்கிய கையோடு நெடுஞ்சாலைக்குப் போகப் போகிறவர்கள். அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பழக்கமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தேர்வில் ஆய்வாளர் பார்ப்பது வண்டி இவள் சொன்னதைக் கேட்கிறதா என்பதை. கிளட்சை விடுகிறாளா, கியர் மாற்றுகிறாளா, பின்னால் எடுக்கிறாளா, நிறுத்துகிறாளா. அந்த வேலை கைக்கும் காலுக்கும் உரியது. ஒரு மாதத்தில் வந்துவிடும். விபத்தைத் தவிர்ப்பது கண் செய்கிற வேலை. எதைப் பார்ப்பது, எவ்வளவு தூரத்துக்கு முன்னால் பார்ப்பது, பார்த்ததில் எது நம்மை நோக்கி வரும் என்று கணிப்பது. பெரும்பாலான வகுப்புகளில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. இரண்டரை மாதத்தையும் நீங்கள் அவள் கண்ணுக்குச் செலவிடுங்கள். கையும் காலும் கூடவே தேறிவிடும்.

புதிதாக ஓட்டுகிறவர்களின் பார்வை பானெட்டின் நுனியில் நிற்கும். முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைத் தாண்டிப் போகாது. அதை மாற்ற எனக்குத் தெரிந்த சிறந்த வழி, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது. முதலில் நீங்கள் ஓட்டுங்கள், அவள் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள்: "ஷேர் ஆட்டோ, ஓரத்தில் பெண் கை காட்டுகிறாள், ஆட்டோ சட்டென்று நிற்கும். பஸ் நிற்கிறது, அதன் முன்னாலிருந்து ஆள் குறுக்கே வரலாம். பால் கேன் வண்டிக்காரர் தலையைத் திருப்பிப் பார்க்காமலே வலது பக்கம் சாய்கிறார். நிறுத்திய காருக்குள் ஓட்டுநர் தலை தெரிகிறது, கதவு திறக்கலாம்." பிறகு அவள் ஓட்டி, அவள் சொல்லட்டும். முதல் நாள் திணறுவாள். பார்ப்பதற்கும் சொல்வதற்கும் நடுவே வண்டி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். அப்படியானால் வேகம் அதிகம் என்று பொருள். சொல்ல முடிகிற வேகத்துக்கு அவளே இறங்கிவருவாள். வேகத்தைக் குறை என்று நீங்கள் ஒரு முறைகூடச் சொல்ல வேண்டியிருக்காது. எந்த நேரத்தில் அவள் சொல்லாததை நீங்கள் பார்த்தீர்களோ, அதுதான் அன்றைய பாடம்.

இனி, வாயை எப்போது திறப்பது என்று கேட்டீர்கள். வண்டி ஓடும்போது வழியைச் சொல்லவும், அவள் பார்க்காத ஆபத்தைச் சொல்லவும் மட்டும். வழியை முன்கூட்டியே சொல்லுங்கள், இடத்தை முதலில், திசையைப் பிறகு: "பெட்ரோல் பங்க் தாண்டியதும் இடது." ஆபத்தைச் சொல்லும்போது "பார்த்து, பார்த்து" என்று மட்டும் சொன்னால் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். "வலது பக்கம் சைக்கிள், பிரேக்" என்று பொருளையும் செயலையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன தெருவில் நடந்ததை இந்தத் தெருவில் பேசக்கூடாது. ஒதுங்கி நிறுத்தி, கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்த பிறகு பேசுங்கள். பின் இருக்கையில் அவள் அம்மாவை முதல் சில வாரங்கள் ஏற்ற வேண்டாம். அன்பின் காரணமாக எழும் "ஐயோ" என்ற ஒலி போதும், பிள்ளையின் கால் தவறான பெடலுக்குப் போக.

உங்கள் காரில் இரண்டாவது பிரேக் இல்லை. பயிற்சிப் பள்ளி வண்டிகளில் அது இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 சொல்கிற நிபந்தனை. சொந்தக் காரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்களுக்கு எட்டுவது கை பிரேக் ஒன்றுதான். ஊருக்குள் குறைந்த வேகத்தில் தேவைப்பட்டால், நுனியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அவள் ஓட்டாத நேரத்தில், காலி இடத்தில் நீங்களே இதைப் பழகிப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் கை பிரேக் உங்களைக் காப்பாற்றாது. ஆகவே அவள் தயாராகும் வரை அங்கே போகக்கூடாது.

புறப்படும் முன் செய்கிற வேலைகளைச் சிறிதாக எண்ணாதீர்கள். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை வைக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். பெண்கள் பலர் பானெட் தெரியவில்லை என்று ஸ்டீயரிங்கோடு நெஞ்சு ஒட்ட அமர்கிறார்கள்; காற்றுப்பை விரிந்தால் அந்த நெருக்கமே காயப்படுத்தும். உயரம் கூட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பக்கக் கண்ணாடிகளில் சொந்தக் காரின் உடல் ஒரு கீற்றுக்கு மேல் தெரியக்கூடாது. அப்படி வைத்தாலும் மறைகிற இடம் உண்டு. தடம் மாறும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை கட்டாயம். தண்ணீர் பாட்டிலை ஓட்டுநர் காலடியில் வைக்கவே கூடாது. உருண்டு பிரேக் பெடலுக்குக் கீழே போய் அது மாட்டிக்கொண்டால் பெடல் இறங்காது. பின்பட்டை இல்லாத செருப்பும் வேண்டாம்.

நிறுத்தப் பழக்குங்கள். இது வகுப்புகளில் அறவே விடுபடுகிற பாடம். முழு பலத்தோடு பிரேக் மிதித்த அனுபவம் இல்லாமலே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முதன்முதலாக மிதிப்பது விபத்தின்போதுதான். பெரிய காலி மைதானமோ, பயன்பாட்டுக்கு வராத மனைப்பிரிவுச் சாலையோ பாருங்கள். பின்னால் யாரும் இல்லை, இருக்கைப் பட்டை (சீட் பெல்ட்) போட்டிருக்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டு, 40 கி.மீ. வேகத்தில் கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக, தயவு தாட்சண்யம் இல்லாமல் மிதிக்கச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று துடிக்கும். புதியவர்கள் வண்டி உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக்கூடாது, நிற்கும் வரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு தடையைச் சுற்றிப் போகவும் ஏ.பி.எஸ். இடம் தருகிறது. அதையும் பழகட்டும்.

ஊருக்குள் ஓட்டும் நேரத்தைப் படிப்படியாகக் கடினமாக்குங்கள். ஞாயிறு காலை, பிறகு வார நாளில் பள்ளி விடும் நேரம், பிறகு பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள மாலை நெரிசல், பிறகு இருட்டு. மேம்பால ஏற்றத்தில் முன்னால் வண்டி நிற்க, பின்னால் பஸ் முட்டிக்கொண்டு நிற்க, கை பிரேக் போட்டு, கிளட்ச் கடிக்கிற இடம் வந்து வண்டியின் மூக்கு சற்றே தூக்கியதும் கை பிரேக்கை விட்டு நகர்வது கைக்கு வந்துவிட வேண்டும். வண்டி அணைந்துவிட்டால் பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் அவசரப்பட வேண்டாம்: பிரேக், நியூட்ரல், சாவி. இந்த வரிசை அவள் வாயில் மனப்பாடமாக இருக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் காத்திருப்பார். வேறு வழி அவருக்கு இல்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிறுமலை இருக்கிறது, 18 கொண்டை ஊசி வளைவுகளோடு. மலைப்பாதை இவளுக்கு இப்போது தேவையில்லை என்று தோன்றும். ஆனாலும் கடைசி வாரங்களில் ஒரு முறை காலை வேளையில் கூட்டிச்செல்லுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பதும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதும் அங்கேதான் உடம்பில் ஏறும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை அவள் பார்ப்பாள். அது தற்கொலைக்குச் சமம் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

நான்கு வழிச்சாலையைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். வகுப்புக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

மலைக்கோட்டை:

மிக்க நன்றி அம்மா. லாரி ஓட்டும் தம்பிக்கும் நன்றி. நேற்று மாலையே வாய்விட்டுச் சொல்லும் முறையைத் தொடங்கிவிட்டோம். நாகல்நகர் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. அவ்வளவு இருக்கிறது பார்க்க. எனக்கு இரண்டு சந்தேகம். சிவப்பு "எல்" அட்டையை இப்போதும் ஒட்டி வைக்கலாமா? இன்னொன்று, ஆட்டோமேட்டிக் காராக மாற்றிவிட்டால் அவளுக்குச் சுலபமாக இருக்கும் என்று மைத்துனர் சொல்கிறார். அது சரியா?

தாமரைக்குளம்:

ஆட்டோமேட்டிக் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது ஆட்டோமேட்டிக் காரில் தினமும் பள்ளிக்கு வேலைக்குப் போகிறேன். நெரிசலில் இடது கால் வலி இல்லை, வண்டி அணைந்து போகும் பயம் இல்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்த உடனே வண்டி தானாக ஊர்ந்து நகரத் தொடங்கும். வண்டி நிறுத்துமிடத்தில் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால், வண்டி பாய்ந்துவிடும். இடது காலைப் பயன்படுத்தவே கூடாது, வலது கால் ஒன்றே இரண்டு பெடலுக்கும் என்பது முதல் நாளிலிருந்து பழக வேண்டிய ஒழுக்கம். மகள் கியர் வண்டியில் தேறி வரும்போது, வேலையில் சேர இரண்டரை மாதம் இருக்கும்போது, வண்டியை மாற்றுவது புதிதாக ஒரு பாடத்தைச் சேர்ப்பதுதான். அவள் பழகிய வண்டியிலேயே போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உரிமம் வாங்கிய பிறகு, இரட்டை பிரேக் உள்ள பயிற்சி வண்டியில் தனியாகப் பணம் கட்டி, நெடுஞ்சாலைக்கும் இரவுக்கும் மட்டும் சில வகுப்புகள் போனேன். அப்பாவிடம் கற்பதில் சில கோபதாபங்கள் வரும். வெளி ஆள் என்றால் வராது. முதல் நெடுஞ்சாலைப் பயணத்துக்காவது அப்படி ஒருவரை வையுங்கள்.

கூடல்நகர் பயிற்சி:

தாமரைக்குளம் அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முதல் நெடுஞ்சாலை வகுப்பு இரட்டை பிரேக் வண்டியில் நடப்பதுதான் நல்லது.

"எல்" அட்டை: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு "எல்" என்பது பழகுநர் உரிமத்தில் ஓட்டுபவருக்காக விதி சொல்கிற அடையாளம். உரிமம் வாங்கியவருக்கு அது தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பின்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் "புதிய ஓட்டுநர், இடைவெளி விடவும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டலாம். என் மாணவிகளுக்கு அதைத்தான் சொல்கிறேன். எல்லோரும் மதிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மதிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

இப்போது நான்கு வழிச்சாலை. முதலில் இடைவெளி. 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்கு வருவதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த 22 மீட்டருக்குப் பிரேக் போடவே இல்லை என்று பொருள். வேகம் 40-லிருந்து 80 ஆனால் பிரேக் போட்ட பிறகு ஓடும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, மூன்று நொடி கழித்துத்தான் நம் வண்டி அந்தக் கம்பத்தைத் தொட வேண்டும். மழையில் ஐந்து நொடி. அந்த இடைவெளியில் ஒருவர் வந்து நுழைவார். நுழையட்டும். மீண்டும் பின்வாங்கி மூன்று நொடி விட வேண்டும். திரும்பத் திரும்ப நுழைந்தாலும் மதுரை போய்ச் சேர்வது சில நிமிடம்தான் தாமதமாகும்.

அந்தச் சாலைக்கென்றே சில குணங்கள் உண்டு. அம்பாத்துரை, சின்னாளபட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர் என்று ஊர்கள் சாலையை ஒட்டியே வருகின்றன. ஊர் வருகிறது என்றால் நடுத்திட்டில் திறப்பு வருகிறது என்று பொருள். அங்கே இருசக்கர வண்டியோ ஆடுகளோ குறுக்கே வரும். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு இடது ஓரத்தில் நமக்கு எதிராகவே வருகிற பைக்குகள் தினமும் உண்டு. டிராக்டர் டிரெய்லருக்குப் பின்விளக்கு இருக்காது. ஊர்ப் பலகையைக் கண்டதும் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்து, பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு கடப்பதை அவள் வழக்கமாக்கட்டும். சுங்கச்சாவடியை நெருங்கும்போது தடத்தைத் தொலைவிலேயே தேர்ந்துகொண்டு மாறாமல் போக வேண்டும். அங்கே கடைசி நொடியில் குறுக்கே வெட்டுகிறவர்கள் அதிகம்.

மழை. இப்போது ஐப்பசி; கடவுள் கொடுத்த பயிற்சிக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும்போது ஊருக்குள் ஓட்ட வையுங்கள். வெகுநாள் காய்ந்த சாலையில் விழும் முதல் தூறல்தான் வழுக்கும்; தூசியும் எண்ணெயும் சேர்ந்து மெழுகிவிட்டது போல் இருக்கும். தேங்கிய நீரில் வேகமாக ஏறினால் டயர் தரையை விட்டு மிதக்கும். ஸ்டீயரிங் திடீரென்று இலகுவாகிவிடும். அப்போது பிரேக் கூடாது, திருப்பக்கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு நேராகப் பிடிக்க வேண்டும். டயரின் பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

இரவுக்கு முன் அந்தி. ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே, விளக்குப் போட்டவர் பாதி, போடாதவர் பாதி. முழு இருட்டைவிட எனக்குக் கவலை தருவது இந்த ஒரு மணி நேரம். உங்கள் மகள் வெள்ளிக்கிழமை புறப்படப் போவதும் சரியாக இந்த நேரத்தில்தான். எதிரே வருகிற முகப்பு வெளிச்சத்தைப் பார்க்காமல், சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டப் பழக்குங்கள். முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வையுங்கள். உள்ளே படிந்த மெல்லிய புகைப்படலம்தான் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது.

தைப்பூசம். இதை அழுத்திச் சொல்கிறேன். வேலையில் சேரும் அதே வாரங்களில், மதுரைப் பக்கமிருந்தும் தெற்கேயிருந்தும் பழநிக்கு நடந்து போகிற பக்தர்கள் இந்தச் சாலையின் ஓரத்தில் இரவெல்லாம் நடப்பார்கள். வெறுங்காலோடு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில். ஒளிரும் பட்டை ஒட்டியவர் இருப்பார், ஒட்டாதவரும் இருப்பார். சரளைக்கல் காலைக் குத்துகிறது என்று தார்ச்சாலைக்குள்ளேயே நடப்பார்கள். அந்த வாரங்களில் இருட்டிய பிறகு அவள் அந்தச் சாலையில் தனியாக ஓட்ட வேண்டாம். பஸ்ஸில் வரட்டும், உங்கள் மனைவி சொன்னது அந்த வாரங்களுக்கு முழுக்கச் சரி.

போன். அவள் போன் பின் இருக்கையில் பைக்குள் இருக்க வேண்டும். வழி பார்க்க அவளுக்கு வரைபடம் தேவையில்லை. உங்கள் பங்கும் இதில் இருக்கிறது சார்: அவள் சாலையில் இருக்கும்போது வீட்டிலிருந்து யாரும் கூப்பிடக்கூடாது. புறப்படும்போது ஒரு செய்தி, சேர்ந்ததும் ஒரு செய்தி. நடுவில் எத்தனை கவலை வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டால் அம்மா பயப்படுவாள் என்பதற்காகவே ஓட்டிக்கொண்டே போனை எடுக்கிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

தோழிகளை ஏற்றுவதைச் சில மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஏற்றும்போது பின் இருக்கைக்காரர்களும் பட்டை போட வேண்டும். போடாமல் வண்டி நகராது என்று அவள் சொல்லப் பழகட்டும். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் பின் இருக்கையில் இருந்தார், பட்டை அணிந்திருக்கவில்லை. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னால் போகும்.

அவசரத்துக்கு: தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. வண்டி பழுதானால் இடது ஓரத்துக்கு முழுமையாக ஒதுங்கி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, வண்டிக்குள் உட்காராமல் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. அடிபட்டவரைக் கண்டால் நிறுத்தி உதவத் தயங்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். உதவுகிறவரைச் சட்டம் பாதுகாக்கிறது.

கடைசியாக ஒரு மாற்றம் கேட்கிறேன். திங்கள் விடியற்காலை என்றால் எத்தனை மணி?

மலைக்கோட்டை:

நாலரைக்குப் புறப்பட்டால் நெரிசலுக்கு முன்னால் ஊருக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்தோம் அம்மா.

கூடல்நகர் பயிற்சி:

வேண்டாம் சார். அந்த நேரத்தில் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். அவளுக்கும் கேட்கும், இரவெல்லாம் ஓட்டி வருகிற லாரிக்காரருக்கும் பஸ்காரருக்கும் கேட்கும். கண் திறந்திருக்கும்போதே சில நொடி மனம் அணைந்துவிடும், 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்றால் அறுபது மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாத கார். கண்ணாடியைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் தூக்கத்தைப் போக்காது. நிறுத்தித் தூங்குவதுதான் போக்கும். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டு விடுதிக்குப் போய்விடட்டும்.

பதினாறு சக்கரம்:

அம்மா சொல்வது முழுக்க உண்மை. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிவிடுவதுதான் என் வழக்கம்.

மலைக்கோட்டை:

வீட்டில் மூவரும் உட்கார்ந்து படித்தோம். ஞாயிறு மாலை மூன்று மணி என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து, சனி காலை அவளும் நானும் மதுரைக்குப் போய் காரை எடுத்து வருவது, தைப்பூசம் முடிந்த பிறகுதான் வெள்ளி மாலைப் பயணம் என்று மகளே சொன்னாள். நெடுஞ்சாலை வகுப்புக்கு இரட்டை பிரேக் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். முன்பக்க டயர் இரண்டும் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. நாளை கடைக்குப் போகிறோம்.